வேர்வை வேற, வாடை வேற, வியாதி வேற

மே மாசம் பூரா டிவில கீழ ஓடுற வரில வேலூர், கரூர், திருச்சி, மதுரைன்னு ஊர் பேரும் டிகிரியும் போயிட்டே இருக்கும். எங்க மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமெல்லாம் அதுல வர்றது அபூர்வம். 36, 37னு காட்டும், பாக்கறவங்க அங்கெல்லாம் பரவாயில்ல போலன்னு நினைச்சுப்பாங்க. வானிலைக்காரங்க கணக்குப்படி சமவெளில 40 டிகிரியைத் தொட்டாத்தான் வெப்ப அலையான்னே பாக்க ஆரம்பிப்பாங்க, கடலோரத்துக்கு அந்த அளவு 37, அதுவும் வழக்கத்தை விட நாலரை டிகிரியாவது கூட இருக்கணும். காத்துல எவ்வளவு ஈரம் இருக்குங்கறது அந்த அளவுகோல்ல வராது. ஆனா எங்களைப் போட்டுப் படுத்தறதே அந்த ஈரம்தான். ஒரு பக்கம் கடல், உள்ள வந்தா ஆறு, வாய்க்கால், குளம், ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணி வந்து சேந்துட்டா குறுவைக்குத் தண்ணி கட்டி நிக்கிற வயல். மேக்காத்து பலமா அடிக்கிற நாள்ல கடக்காத்து உள்ள ஏறவே சாயங்காலம் ஆயிடும், அதுவரைக்கும் ஒரு இலை அசையாது. காலைல எட்டு மணிக்கே குளிச்சுட்டுத் துவட்டும்போதே முதுகுல மறுபடி வேர்த்துட்டு இருக்கும்.

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன், ஏன்னா வேர்வைன்னாலே எங்க பக்கம் ஜனங்க ஒண்ணு ஜோக் அடிக்கறாங்க இல்ல மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க, உக்காந்து நிதானமா பேசறது ரொம்பக் கம்மி. பேசாததால கஷ்டப்படறவங்க எத்தனை பேர்னு ஒரு டீச்சரா நான் தினமும் பாக்கறேன்.

மொதல்ல ஒரு விஷயம். வேர்வை வர்றதால உடம்பு குளிராது, அது காயறதாலதான் குளிரும். ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியாச்சுன்னா கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி சூட்டை உடம்புல இருந்து எடுத்துட்டுப் போகும். சொட்டிக் கீழ விழுந்ததும் சட்டைல ஊறிப் பிழியறதும் அந்தக் கணக்குல சேராது. கரூர்ல இருக்கறவங்களுக்கும் வேர்க்கத்தான் செய்யுது, ஆனா அங்க காத்து காஞ்சிருக்கறதால வந்த வேகத்துல காஞ்சு போயிடும், வெளில தெரியாது. இங்க காத்துலயே ஈரம் நிக்கறதால காயாது, காயலன்னா சூடு குறையாது, சூடு குறையலையேன்னு உடம்பு இன்னும் ஊத்தும். அதனால டெல்டால ஒருத்தர் சட்டை நனைஞ்சு நிக்கறாருன்னா அவர் அழுக்கா இருக்காருன்னு அர்த்தம் கிடையாது, அவர் உடம்பு செய்ய வேண்டிய வேலையை விடாம செஞ்சிட்டு இருக்கு, காத்து ஒத்துழைக்கல, அவ்வளவுதான்.

இது தெரியாமத்தான் எங்க ஊருப் பக்கம் தனியார் ஸ்கூல்கள்ல டீச்சர்களுக்கு யூனிஃபார்ம் சேலையும், அதுக்கு மேல கோட்டும் போடச் சொல்றாங்க. சேலை சிந்தெடிக், கோட்டு டெரிகாட்டன், உள்ள பிளவுஸுக்கு லைனிங் வேற. கரும்பலகைல எழுதறதுன்னா வலது கை தோளுக்கு மேல தூக்கித்தான் ஆகணும், பின்னாடி நாப்பது பிள்ளைங்க உக்காந்திருப்பாங்க. கோட்டு இல்லாத நாள்ல பிளவுஸ் கக்கத்துல ஈரம் தெரியுமேன்னு சில பேர் கையை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு போர்டுல பாதி உயரத்துலயே எழுதறாங்க, கடைசி பெஞ்சுக்குத் தெரியவே தெரியாது. மெரூன் பிளவுஸ் காஞ்ச பிறகு எடுத்துப் பாத்தீங்கன்னா ஈரம் எது வரைக்கும் பரவுச்சோ அந்த ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு இருக்கும், மத்தியானம் வேர்த்தது அதுக்கு உள்ள இன்னொரு கோடு, சாயங்காலம் பஸ்ல நின்னது இன்னொண்ணு, கொள்ளிடத்து மணல்ல தண்ணி வத்த வத்த விட்டுட்டுப் போற வரி மாதிரி. அது உப்பு, அழுக்கு இல்ல. ஆனா அதைப் பாத்து ஒரு டீச்சரை "துவைச்சுப் போடக் கூடாதா"ன்னு கேட்டவங்க இருக்காங்க.

நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல ஸ்டாஃப் மீட்டிங்ல கரஸ்பாண்டன்ட் எழுந்து, "பேரண்ட்ஸ் கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க, எல்லாரும் டியோ போட்டுட்டு வாங்க"ன்னு பொதுவா சொன்னார். பொதுவாத்தான் சொன்னார், ஆனா அந்த ரூம்ல இருந்த கண்ணெல்லாம் ஒரு அக்கா மேலதான் போச்சு. அவங்க ரெண்டு பஸ் மாறி வர்றவங்க, பஸ்ஸுக்கே ஒரு கிலோமீட்டர் நடந்து வரணும், வந்ததும் முகம் கழுவக் கூட டைம் இருக்காது, பிரேயர் பெல் அடிச்சிடும். அன்னைக்கு அவங்க தலையைக் குனிஞ்சிட்டு நோட்டுல என்னமோ எழுதிட்டே இருந்தாங்க. எனக்கு இன்னைக்கு நினைச்சாலும் கோவம் வருது. சிந்தெடிக் துணியை எடுத்துக் குடுத்து அதுக்கு மேல கோட்டும் மாட்டச் சொல்லிட்டு, ஷீட்டு போட்ட கிளாஸ்ல ஒரே ஒரு ஃபேனைச் சுத்த விட்டுட்டு, உன் உடம்பை நீ பாத்துக்கோன்னு சொல்றது என்ன நியாயம். அப்புறம் நாங்க நாலஞ்சு பேர் சேந்து போய்ப் பேசினோம், ஜூன் ஜூலைல மட்டுமாவது கோட்டை விடுங்க சார், காட்டன் சேலைல வர்றோம், கலர் நீங்க சொல்றதே இருக்கட்டும்னு. பேரண்ட்ஸ் மீட்டிங் அன்னைக்கு மட்டும் கோட்டு, மத்த நாள் வேண்டாம்னு கடைசில ஒத்துக்கிட்டார். துணி ஆர்டர் குடுத்த பிறகு பேசினா நடக்காது, ஏப்ரல்லயே பேசிடணும், இது மத்த டீச்சர்களுக்குச் சொல்றேன்.

இன்னொண்ணையும் சொல்லணும். வேர்த்த உடம்பைத் தள்ளி நில்லுன்னு சொல்றது இந்த மண்ணுல நேத்து வந்த பழக்கம் இல்ல. வயல்ல இறங்கி நடவு நட்டவங்களை வாசல்லயே நிக்க வச்சுக் கூலி குடுத்த ஊரு இது. "அவங்க மேல ஒரு வாடை வரும்"னு இன்னைக்கும் நல்லாப் படிச்சவங்க வாயில வருது, அது மூக்கு சொல்றது இல்ல, சாதி சொல்றது. பிள்ளைங்களும் அதைக் கேட்டுட்டுத்தான் கிளாஸுக்கு வருது. அதனாலதான் இந்த விஷயத்தை வெறும் பவுடர், சோப்பு விஷயமா என்னால பாக்க முடியல.

சரி, வாடைக்கு வருவோம். நம்ம உடம்புல இருபதுல இருந்து நாப்பது லட்சம் வேர்வைச் சுரப்பி இருக்கு, அதுல முக்கால்வாசிக்கும் மேல தண்ணியும் உப்புமா வர்ற வேர்வை, அதுக்கு வாடையே கிடையாது. கக்கத்துலயும் தொடை இடுக்குலயும் இன்னொரு வகைச் சுரப்பி இருக்கு, வயசுக்கு வந்த பிறகுதான் அது வேலை செய்ய ஆரம்பிக்கும், அதுல கொழுப்பும் புரதமும் கலந்து வரும். அதுக்கும் வர்றப்ப வாடை பெருசா இல்ல, தோல்ல இருக்கற பாக்டீரியா அதைத் தின்னு உடைக்கும்போதுதான் வாடை கிளம்புது. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிப் பிரச்சனை தீந்துச்சு. வேர்த்த கக்கத்து மேலயே டியோ அடிக்கறதால ஒரு புண்ணியமும் இல்ல, வாடையும் சென்ட்டும் கலந்து ரெண்டும் இல்லாத ஒண்ணா வரும். மொதல்ல கழுவணும், சோப்பு போட்டு, அப்புறம் நல்லா ஈரம் போகத் துடைக்கணும், அதுக்கு அப்புறம்தான் எதுவா இருந்தாலும்.

டியோவுக்கும் வேர்வையைக் குறைக்கறதுக்கும் சம்பந்தம் இல்லங்கறது நிறையப் பேருக்குத் தெரியல. கடைல பளபளன்னு அடுக்கி வச்சிருக்கற பாடி ஸ்பிரேல பெரும்பாலும் ஆல்கஹாலும் வாசனையும்தான். வேர்வையைக் குறைக்கறதுன்னா அது ஆன்டிபெர்ஸ்பிரன்ட், பாட்டிலைத் திருப்பிப் பாத்தா அலுமினியம் குளோரோஹைட்ரேட்னோ அலுமினியம்னு ஆரம்பிக்கற வேற எதுவோ எழுதியிருக்கும். அது வேர்வைக் குழாய் வாயில தற்காலிகமா ஒரு அடைப்பு போடுது. அதனால அதைக் காலைல அவசரமா தடவிட்டு ஓடறதை விட ராத்திரி படுக்கப் போறப்ப, வேர்வை அடங்கியிருக்கற நேரத்துல, காஞ்ச தோல்ல தடவறதுதான் சரி. ஷேவ் பண்ண உடனே போடக் கூடாது, எரியும். இதைப் போட்டா கேன்சர் வரும்னு வாட்ஸ்அப்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை சுத்துது, அப்படி உறுதியா காட்டுன ஆதாரம் எதுவும் இதுவரைக்கும் இல்ல. காசு செலவு பண்ண முடியாதுன்னா நாட்டு மருந்துக் கடைல படிகாரம் வாங்குங்க, சலூன்ல ஷேவிங் முடிஞ்சதும் தேய்ப்பாங்களே அதே கல்லு. குளிச்ச ஈரத்துலயே கக்கத்துல லேசா தேச்சு விட்டுட்டா அந்த பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும், வேர்வை நிக்காது ஆனா வாடை நல்லாக் குறையும். எங்க பெரியம்மா வீட்டுல பாத்ரூம் மாடத்துல எப்பவும் ஒண்ணு இருக்கும்.

பவுடர் பத்தி பெருசா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரத்துக்கு ஈரத்தை உறிஞ்சும், அப்புறம் கட்டி கட்டியா கழுத்து மடிப்புல வெள்ளையா நிக்கும். வேர்க்குரு வந்த பிள்ளைங்களுக்கு அப்பி அப்பி போடாதீங்க, வேர்க்குருங்கறதே வேர்வைக் குழாய் அடைச்சு வர்றதுதான், அது மேல எண்ணெயும் பவுடரும் போட்டா இன்னும் அடைக்கும். நுங்குத் தண்ணி தடவறது, சந்தனம் அரைச்சுப் போடறது, கலமைன் லோஷன், இதெல்லாம் அரிப்புக்கு இதமா இருக்கும், ஆனா பிள்ளையைக் காத்தாட விடறதுதான் அதுக்கு வைத்தியம்.

சாப்பாட்டுல வெந்தயக் களி சாப்பிட்ட மறுநாள் வேர்வைல ஒரு இனிப்பு வாடை வரும், பயப்பட வேண்டாம், அது வெந்தயத்தோடது. பூண்டும் அப்படித்தான். காபி அதிகமா குடிச்சா வேர்வை கூடும். கும்பகோணத்துக்காரங்க கிட்ட காபியைக் குறைங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல, பதினோரு மணிக் காபியை மட்டும் கோடைல நீர்மோரா மாத்திப் பாருங்க.

துணி விஷயத்துல எங்க தெருவுல இருக்கற தையக்கார அக்கா எனக்குச் செஞ்சு குடுத்ததைச் சொன்னா நிறையப் பேருக்கு உதவும். நான் போய் நின்னதும் பிளவுஸைத் திருப்பிப் பாத்துட்டு, "என்னங்க மிஸ், லைனிங்கே பாலியஸ்டர் குடுத்து வாங்கியிருக்கீங்க, மேல எவ்வளவு நல்ல துணி போட்டாலும் உடம்புல ஒட்டறது இதுதானே"ன்னாங்க. அதுக்கப்புறம் டூ பை டூன்னு சொல்ற காட்டன் பிளவுஸ் துணிதான், லைனிங் வேணும்னா மெல்லிசு காட்டன். ஆர்ம்ஹோல் ஒரு விரக்கடை தாராளமா. கக்கத்துல பழைய வேட்டித் துணியை ரெண்டு மடிப்பா பிறை வடிவத்துல வெட்டி பிரஸ் பட்டன் வச்சுக் குடுத்தாங்க, ஈரமானா கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம், ஹேண்ட்பேக்ல ஒரு கவர்ல ரெண்டு ஜோடி வச்சுப்பேன். மத்தியானச் சாப்பாட்டு பெல்லுல ஒரு ஈரத்துணியால கக்கத்தைத் துடைச்சுட்டு இதை மாத்திட்டா சாயங்காலம் வரைக்கும் கையைத் தூக்கி எழுதலாம். பாலியஸ்டர்ல வாடை ஒட்டற மாதிரி காட்டன்ல ஒட்டாது, இது துவைக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். ஐப்பசி கார்த்திகைல மழைல துணி அரைகுறையா காஞ்சு மக்கல் வாடை வருமே, அதை அயர்ன் பண்ணிப் போட்டுட்டுப் போனா உடம்பு சூட்டுல திரும்ப வாடை வரும், அதை மறுபடி அலசிக் காயப் போடறதைத் தவிர வழி இல்ல. அதைப் போட்டுட்டு வர்ற பிள்ளையை யாராவது குளிக்கலையான்னு கேட்டா நான் விட மாட்டேன், குளிச்சிட்டுத்தான் வந்திருக்கும், துணிதான் காயல.

இப்ப வெளில சொல்லக் கூச்சப்படற இடம். பாவாடை நாடா இறுக்கிக் கட்டற இடத்துல வேர்வை நின்னு நின்னு தோல் கறுத்து, அரிச்சு, வட்டம் வட்டமா படர்தாமரை வரும். மார்புக்குக் கீழ, தொடை இடுக்குல, ஆம்பளைங்களுக்கு ஜட்டி எலாஸ்டிக் பிடிக்கற இடத்துல. யார்கிட்டயும் காட்ட வெக்கப்பட்டுக்கிட்டு நேரா மெடிக்கல்ல போய் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க"ன்னு வாங்கிடுவாங்க. அந்த மாதிரி ட்யூப் பலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. போட்டதும் ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும், நின்னதும் விட்டுடுவாங்க, அடுத்த மாசம் இன்னும் பெருசா வரும், மறுபடி அதே ட்யூப், தோல் மெலிஞ்சு வரி விழுந்துடும், பூஞ்சை அப்படியே இருக்கும், வீட்டுல இருக்கற மத்தவங்களுக்கும் துண்டு வழியா போயிடும். இது எங்க ஸ்டாஃப் ரூம்லயே பாதிப் பேர் கதை. தயவு செஞ்சு தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்க சொன்ன நாள் வரைக்கும் முழுசா போடுங்க, அரிப்பு நின்னாலும். நாடாவுக்குப் பதிலா அகலப் பட்டி வச்ச பாவாடை தைச்சுக்கோங்க, துண்டு ஆளுக்கு ஒண்ணு தனியா வச்சுக்கோங்க.

தண்ணி. எங்க பெரியம்மா நடவுக்குப் போறப்ப சேலைக்கு மேல பெரியப்பாவோட பழைய முழுக்கைச் சட்டை, தலைல துண்டு. சாயங்காலம் வந்து அந்தச் சட்டையைக் கொடில போட்டாங்கன்னா காஞ்சதும் முதுகுப் பக்கம் உப்பு பூத்து விறைச்சு நிக்கும். அவ்வளவு உப்பும் தண்ணியும் போன உடம்புக்கு அவங்க திருப்பிக் குடுத்தது காலைல பழைய சோத்துத் தண்ணியும் மத்தியானம் ஒரு சொம்புத் தண்ணியும்தான். ஏன்னு கேட்டா, "எங்க ஆத்தா போய் ஒதுங்கறது"ம்பாங்க. வயல்ல பொம்பளைங்க ஒதுங்க இடம் கிடையாது, அதனால தண்ணி குடிக்க மாட்டாங்க, அதனால ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல், கல்லடைப்பு, மயக்கம். ஸ்கூல்லயும் இதேதான், பாத்ரூம் சுத்தமா இல்லன்னா பொண்ணுங்க காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் பாட்டிலைத் திறக்கவே மாட்டாங்க. தமிழ்நாட்டு ஸ்கூல்கள்ல 2025ல தண்ணி குடிக்கறதுக்குன்னே வாட்டர் பெல்னு கொண்டாந்தாங்க, நல்ல விஷயம், பெல் அடிக்கும்போது பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாளும் இருக்கணும். வேர்வையைக் குறைக்கணும்னு தண்ணியைக் குறைக்கறவங்களும் இருக்காங்க, அதைச் செய்யவே செய்யாதீங்க, அது உடம்பைக் கொதிக்க விடறது. மோர்ல உப்புப் போட்டுக் குடிங்க, வெளில ரொம்ப நேரம் வேலைன்னா ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கலக்கிக்கோங்க. சுகர், பிரஷர், கிட்னி இருக்கறவங்க டாக்டர் சொன்ன அளவுல.

அப்புறம் சில வேர்வை வெயிலுக்கு வர்றது இல்ல. ராத்திரில தூக்கத்துல துணி நனையற அளவுக்கு வேர்த்து, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறதுன்னு சேந்து வந்தா சளி டெஸ்ட் எடுங்க, டிபியா இருக்கலாம், அரசு ஆஸ்பத்திரில டெஸ்டும் மருந்தும் இலவசம். சுகர் மாத்திரை போடறவங்களுக்குத் திடீர்னு கை நடுங்கி வேர்த்துக் கொட்டுனா சுகர் இறங்குது, உடனே சர்க்கரைத் தண்ணி. நெஞ்சை அழுத்தி, குளுந்த வேர்வை வந்தா 108. வெயில்ல வேலை செஞ்சவங்க குழறிப் பேசுனாலோ, உடம்பு நெருப்பாக் கொதிச்சாலோ, வேர்த்தாலும் வேர்க்கலன்னாலும் 108, வண்டி வர்ற வரைக்கும் நிழல்ல படுக்க வச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க. தைராய்டும் மாதவிடாய் நிக்கற வயசும் கூட திடீர்னு வேர்க்க வைக்கும், அம்பது வயசுல இருக்கற அத்தாச்சிங்க இதை வெயில் மேல போட்டுட்டுப் பேசாம இருந்துடறாங்க.

கடைசியா நான் எழுத உக்காந்ததே எதுக்கோ அதுக்கு வர்றேன். என் கிளாஸ்ல ஒரு பொண்ணு. நல்லாப் படிக்கும், ஆனா நோட்டைத் திறந்தா பக்கம் பக்கமா மை கரைஞ்சிருக்கும், பேப்பர் ஓரம் சுருண்டிருக்கும். தண்ணிபட்டுச்சான்னு கேட்டா தலையை ஆட்டும். ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் பழக்கும்போதுதான் பாத்தேன், வட்டத்துல கை கோக்கச் சொன்னா பக்கத்துல இருந்த பொண்ணு கையைப் பிடிச்ச உடனே எடுத்துப் பாவாடைல துடைச்சுச்சு, இந்தப் பொண்ணு அதைப் பாத்துட்டு ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிச்சு. டான்ஸ் வேண்டாம் மிஸ்னு அன்னைக்கே பேரை எடுத்துக்கிச்சு. நான் தனியாக் கூப்பிட்டுக் கையை வாங்கிப் பாத்தேன். ஃபேனுக்குக் கீழதான் நிக்கறோம், உள்ளங்கை ரேகையெல்லாம் முத்து முத்தா வேர்வை, துடைச்சு விட்டா பாத்துட்டு இருக்கும்போதே மறுபடி பூக்குது. ரேஷன் கடைல ஆயாவுக்குப் பதிலா போனா மெஷின்ல கைரேகை விழ மாட்டேங்குது, பின்னாடி லைன்ல நிக்கறவங்க திட்டறாங்கன்னு சொல்லிட்டு அழுதுச்சு.

அவங்க அம்மாவை வரச் சொன்னேன். "எலுமிச்சம்பழம் தேச்சுப் பாத்தேன் மிஸ், மருதாணி வச்சுப் பாத்தேன், பயந்த புள்ளன்னு மந்திரிச்சும் பாத்தாச்சு"ன்னாங்க. ஒரு சனிக்கிழமை காலைல மூணு பேரும் ரயிலைப் பிடிச்சு கும்பகோணம், பாபநாசம் தாண்டி தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனோம், தோல் ஓ.பி.ல சீட்டு வாங்கி உக்காந்தோம். டாக்டரம்மா கையைப் பாத்துட்டு முதல்ல கேட்டது, தூங்கும்போது வேர்க்குதா. அம்மா, "இல்லங்க டாக்டர், தூங்கறப்ப கை காஞ்சுதான் கிடக்கும்"ன்னாங்க. அடுத்தது, வீட்டுல வேற யாருக்காவது இருக்கா. அதுக்கு அந்த அம்மா கொஞ்சம் யோசிச்சு, "இவ அப்பாவுக்கும் உண்டுங்க"ன்னாங்க. அவர் டிராக்டர் ஓட்டறவர், ஸ்டியரிங்ல எப்பவும் ஒரு துண்டைச் சுத்தி வச்சிருப்பார், ஊர்ல எல்லாரும் அதை ஸ்டைலுன்னு நினைச்சிட்டு இருந்தோம்.

இதுக்குப் பேரு ஹைப்பர்ஹைட்ரோசிஸ். சின்ன வயசுலயோ வயசுக்கு வர்றப்பவோ ஆரம்பிக்கும், உள்ளங்கை, உள்ளங்கால், கக்கம்னு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், தூக்கத்துல நின்னுடும், குடும்பத்துல ஓடும். நரம்பு தேவைக்கு மேல சிக்னல் குடுக்குது, சுரப்பில ஒண்ணும் கோளாறு இல்ல. பயந்தா கூடும், ஆனா பயத்தால வந்தது இல்ல, இதை டாக்டரம்மா அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்துச் சொன்னாங்க, "நீ பயந்தாங்கொள்ளி இல்லடா, இது உடம்புல ஒரு வயரிங்"ன்னு. அந்த ஒரு வார்த்தைக்கே போயிட்டு வந்த அலைச்சல் சரியாப் போச்சு.

20 சதவீத அலுமினியம் குளோரைடு லோஷன் எழுதிக் குடுத்தாங்க. ராத்திரி கையை நல்லாக் காய வச்சுட்டுத் தடவி, காலைல கழுவிடணும், முதல்ல தினமும், குறைஞ்ச பிறகு வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை. எரிச்சல் வந்தா ஒரு நாள் விடணும். அதுல கேக்கலன்னா ஐயன்டோஃபோரெசிஸ்னு ஒண்ணு இருக்காம், ரெண்டு தட்டுல சாதாக் குழாத் தண்ணி ஊத்தி உள்ளங்கையை வச்சு ரொம்பக் கம்மியான கரண்ட் பாய்ச்சுவாங்க, ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போல, வாரத்துல சில தடவைன்னு ஆரம்பிச்சு அப்புறம் இடைவெளி விடுவாங்க. கக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி இருக்கு, அமெரிக்காவுல 2004லயே அதுக்கு அனுமதி குடுத்துட்டாங்க, ஆனா சில மாசம்தான் தாங்கும், விலையும் அதிகம். மாத்திரையும் இருக்கு, வாய் வறளும், அதோட மொத்த உடம்புலயும் வேர்வையைக் குறைக்கறதால நம்ம ஊர் வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு உடம்பு சூடேறிடற ஆபத்து உண்டு, டாக்டர் பாக்காம யாரும் வாங்கிப் போடக் கூடாது. நெஞ்சுக்குள்ள நரம்பை வெட்டற ஆபரேஷன் பத்தியும் அந்த அம்மா யூட்யூப்ல பாத்துட்டு வந்து கேட்டாங்க. டாக்டரம்மா அதெல்லாம் கடைசில, கை காஞ்சுட்டு முதுகும் வயிறும் அதுக்குப் பதிலா வேர்க்க ஆரம்பிச்சிடலாம், இந்த வயசுல பேச்சே வேண்டாம்னுட்டாங்க.

லோஷன்ல ஒரு மாசம் போல எந்த மாற்றமும் பெருசா தெரியல, அதுக்கப்புறம் நல்லாக் குறைஞ்சுது. முழுசா நிக்கல, டெஸ்ட் அன்னைக்கு வேர்வை அதிகமாகத்தான் செய்யும். அதுக்குத் தனியா ஏற்பாடு பண்ணோம், ஜெல் பேனாவை விட்டுட்டு பால்பாயின்ட் பேனா, எழுதற கைக்குக் கீழ நாலா மடிச்ச பழைய காட்டன் கர்ச்சீஃப், ரெண்டு மூணு கர்ச்சீஃப் மாத்தி மாத்தி. பொதுத்தேர்வு விடைத்தாள்ல முதல் பக்கம் ஃபோட்டோவும் பார்கோடும் போட்டது இருக்கும், அது நனைஞ்சிடுமோன்னுதான் அந்தப் பொண்ணுக்குப் பெரிய பயம். டாக்டர் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து முன்கூட்டியே ஹெட்மாஸ்டர் மூலமா தேர்வு மையத்துல சொல்லி வச்சோம், ஹால்ல இருந்த மேடம் கர்ச்சீஃபை விரிச்சுப் பாத்துட்டு, "வச்சுக்கோம்மா, நிதானமா எழுது"ன்னாங்க.

உங்க வீட்டுப் பிள்ளைக்கோ கிளாஸ்ல இருக்கற பிள்ளைக்கோ இப்படி இருந்தா பொதுத்தேர்வு மார்ச்லதானேன்னு பிப்ரவரி வரைக்கும் விட்டுடாதீங்க. லோஷனோ அந்தத் தண்ணித் தட்டோ எதுவா இருந்தாலும் பலன் தெரிய வாரக்கணக்குல ஆகும். தீபாவளிக்கு முன்னாடியே தோல் ஓ.பி.ல ஒரு சீட்டு வாங்கிடுங்க, போறப்ப நனைஞ்ச நோட்டு ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போங்க, பிள்ளை வாயைத் திறந்து சொல்லலன்னாலும் டாக்டருக்கு அதைப் பாத்தாலே புரிஞ்சிடும்.